அவளுக்கு மட்டும் பச்சை

ஆணையம் மனிதர்களோடு பேசாது; நிரல்களோடுதான் பேசும்.

யாரோ வயிற்றெரிச்சலில் சொன்ன வார்த்தை இல்லை இது. ஆணையத்துக் கட்டடத்தின் முகப்பிலேயே பளபளவென்று பொறித்து வைத்திருந்தார்கள். நிரல் என்றால் கணினிக்குள் ஓடுகிற புரோகிராம். எந்த மருத்துவமனையில் எந்த டயாலிசிஸ் மெஷின் எந்த நேரத்தில் காலி என்கிற விவரம் மொத்தமும் ஆணையத்தின் கையில் இருந்தது. முன்பெல்லாம் சிறுநீரகம் பழுதான ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவமனை, ஒரு படுக்கை, இன்னின்ன கிழமை என்று நிரந்தர ஏற்பாடு இருந்தது. நிரந்தரம் என்பது பின்தங்கிய மனப்பான்மை என்று சொல்லி ஆணையம் அதை ஒழித்துக்கட்டியது. இப்போது நோயாளி கைப்பேசியைப் பார்க்க வேண்டும். எங்கே காலியோ அங்கே ஓட வேண்டும். பார்ப்பதற்கு ஒரு செயலி வேண்டுமே? அதை ஆணையம் செய்யாது. செய்தால் நோயாளியோடு பேசியதாக ஆகிவிடும். ஆகவே தனியார் கம்பெனிகள் செயலி செய்துகொள்ளலாம், செயலி கேட்டால் எங்கள் கணினி பதில் சொல்லும் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். அந்த வாசலுக்குத் தொழில்காரர்கள் வைத்திருக்கிற பெயர் ஏபிஐ.

அப்படிச் செயலி செய்து பிழைக்கிற ஒரு சின்னக் கம்பெனியில்தான் சின்னவள் வேலை பார்த்தாள். வீட்டுக்கு இரண்டாவது பெண், அதனால் சின்னவள். ஆபீஸில் அவளுக்கு வேறு பெயர்: டேப்பு. தையற்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த டேப்பு. அவள் வேலை அளவெடுப்பது. ஆணையம் அனுப்பும் பதிலில் எந்தக் கட்டத்தில் எழுத்து வரும், எந்தக் கட்டத்தில் எண் வரும், எதற்குள் எது இருக்கும் என்று அளவெடுத்து, அதற்குத் தக்க ஓர் அச்சைச் செயலிக்குள் செய்து வைப்பாள். வருகிற பதில் அந்த அச்சில் கச்சிதமாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் செயலி விழுந்துவிடும். அல்லது விழாமல் உளறும். விழுந்தால் எடுத்து நிறுத்திவிடலாம், உளறினால்தான் ஆபத்து என்பது சின்னவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

சிக்கல் என்னவென்றால், ஆணையத்தின் உடம்பு இன்றைக்கு இருக்கிற அளவில் நாளைக்கு இருக்காது. புதிதாகப் பொறுப்புக்கு வரும் ஒவ்வொரு அதிகாரியும் ஒரு கட்டத்தின் பெயரையாவது மாற்றிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்வார். 'மருத்துவமனை' என்றிருந்தது ஒரு திங்கட்கிழமை 'சேவை மையம்' ஆயிற்று. கொஞ்ச நாளில் சேவை மையத்துக்குள் 'கட்டடம்', கட்டடத்துக்குள் 'மாடி', மாடிக்குள் அதே பழைய 'மருத்துவமனை' ஓசைப்படாமல் குடிவந்திருந்தது. இன்னொரு வாரம் தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிக்கொண்டன. பதின்மூன்றாவது மாதத்தில் மெஷின் காலி என்று செயலி காட்ட, முதலாளி பழக்க தோஷத்தில் ஒரு நோயாளியிடம், "அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க சார்" என்று போனில் சொல்லிவிட்டார்.

இதற்காகவே சின்னவள் ஒரு சோதனைக் கருவி எழுதினாள். நோயாளிகள் எழுந்திருக்கும் முன்பே அது ஆணையத்தின் வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டும். பதிலை வாங்கி அச்சின் மேல் வைத்துப் பார்க்கும். பொருந்தினால் ஆபீஸ் சுவரில் இருக்கிற திரை பச்சையாகும். பொருந்தாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் எந்தக் கட்டம் இடிக்கிறது என்று ஆணையத்துக்கும் ஓர் அறிக்கை போய்விடும். பெரும்பாலும் சிவப்புதான். வருகிறவர்கள் அதைச் சுவரின் நிறம் என்றே நினைத்தார்கள்.

மற்றவர்களுக்கு இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. சின்னவளுக்கு அப்படியில்லை. அவளுடைய அப்பாவே அந்தச் செயலியைப் பார்த்துத்தான் வாரத்தில் மூன்று தடவை டயாலிசிஸுக்குக் கிளம்பினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய உத்தியோகத்துப் பேச்சு போகவில்லை.

"என் மக விசில் கொடுத்தாத்தான் எனக்கு வண்டி கிளம்பும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் செயலியைத் திறந்து, மெஷின் காலி என்கிற பச்சைப் புள்ளியைக் காட்டுவார். "காலின்னு காட்டினா காலிதான். சின்னது போட்ட கணக்கு தப்பாது."

அந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் சின்னவள் உள்ளே போய்ச் சோதனைக் கருவியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பாள்.

ஒரு நாள் மருத்துவமனைகளின் தொலைபேசி எண் கட்டமே காணாமல் போயிற்று. சின்னவள் பொறுக்கமுடியாமல் ஆணையத்துக்கு நேரிலேயே கிளம்பிவிட்டாள்.

வாசலில் காவலர் மறித்தார்.

"மனுஷங்களை உள்ள விடறதில்லம்மா."

"செயலி கம்பெனியிலேர்ந்து வர்றேங்க."

"நிரலுக்குத் துணையா வந்தவங்கன்னா விடலாம். நிரல் எங்க?"

சின்னவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துக் காட்டினாள். காவலர் அதற்கு ஒரு வருகையாளர் அட்டை கொடுத்தார். அவளுக்குக் கொடுக்கவில்லை.

"கையிலேயே வச்சுக்கங்க. கீழ வச்சீங்கன்னா நீங்க தனியா வந்ததா ஆயிடும். அப்புறம் என் வேலை போயிடும்."

குழந்தையை ஏந்துவது போல் அதை ஏந்திக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். லிஃப்ட்காரரிடம் மூன்றாவது மாடி என்றாள்.

"மூணாவது மாடின்னு இப்ப எதுவும் இல்லீங்க. நேத்து சாயங்காலம் அதை 'நடு உயர் தளம்'னு ஆக்கிட்டாங்க. மூணுன்னு பட்டன் இருக்கு, ஆனா அதை அமுக்கினா அஞ்சுக்குப் போகும்."

"அப்ப மூணாவதுக்கு எதை அமுக்கணும்?"

"அது இன்னும் தெரியல. காலையிலேர்ந்து ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்துட்டிருக்கேன்."

தன் தொழிலைச் செய்கிற இன்னொரு ஜீவனை அங்கே பார்த்ததில் சின்னவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நிலைத்தன்மைப் பிரிவு அதிகாரியின் அறையில் மேஜை நாற்காலிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி நின்றபடியே பேசினார். மடிக்கணினியைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"நாங்க எதையும் மாத்தறதில்லம்மா."

"சார், 'மருத்துவமனை'ங்கிறது 'சேவை மையம்' ஆயிருக்கு."

"அது மேம்பாடு."

"தேதி தலைகீழா வருது."

"அது மறுசீரமைப்பு."

"போன் நம்பர் கட்டத்தையே காணோம் சார்!"

"அது எளிமையாக்கம். மாற்றம்னு ஒண்ணு நடந்திருந்தா மாற்ற அறிவிப்பு வந்திருக்கும். வந்துச்சா?"

"வரல."

"அப்ப நடக்கல. நடக்காத விஷயத்துக்கு நான் எப்படிப் புகார் வாங்க முடியும்? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

"அறிவிப்பு ஏன் சார் வரல?"

"அறிவிப்பு அனுப்பறதுக்குன்னு ஒரு வடிவம் இருக்கு. இப்ப அந்த வடிவத்தைத்தான் மாத்திட்டிருக்கோம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மேம்படுத்திட்டிருக்கோம்."

சின்னவள் கணினியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரே ஒரு கட்டம் சார். 'காலி'ங்கிற கட்டம். அதுல ஏதாவது எழுதியிருந்தா மெஷின் காலி, வெறுமையா விட்டிருந்தா காலி இல்லன்னு நீங்கதான் விதி போட்டீங்க. அந்த விதியை வச்சுத்தான் செயலியே ஓடுது. வேற எதை வேணா மாத்துங்க. அதை மட்டும் தொட்டுடாதீங்க."

"காலிக் கட்டமா?" அதிகாரி காதைத் தொட்டார். "அது எங்க உயிருங்க. அதுல கை வைப்பமா? எழுதி வச்சுக்கங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா ஒண்ணு கேட்கணும். உங்க கருவி தினமும் விடியக்காலையில வந்து எங்களை அளந்து பார்க்குதாமே? என் சம்சாரம்கூட என்னை அப்படிச் சோதிக்கிறதில்லம்மா. எங்க நிலைத்தன்மை மதிப்பெண்ணை எத்தனை சிவப்பு அறிக்கை வருதுன்னு வச்சுத்தான் போடறாங்க. மத்த கம்பெனிக்காரங்க யாரும் அளக்கிறதே இல்ல. அவங்களால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. உங்க ஒருத்தராலதான் எங்க மானம் போகுது."

அதற்குள் மேஜை மறுபக்கம் போய்விட்டதால் அவரும் அதன் பின்னாலேயே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். அக்கா அதே ஆணையத்தில் தொடர்பு அலுவலர். யாரோடு யாரைத் தொடர்புபடுத்துகிறாள் என்று அப்பா ஒரு தடவை கேட்டார்; "அதெல்லாம் பெரிய விஷயம்பா" என்று சொல்லிவிட்டாள். சின்னவளுக்கு அக்கா என்றால் அரண். பள்ளிக்கூட நாளில் மார்க் குறைந்த சமயமெல்லாம் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டுக் கொடுத்து அவளைக் காப்பாற்றியவள் அக்காதான்.

"என்னடி, மூஞ்சி தொங்குது?"

"சிவப்புக்கா. தினமும் சிவப்பு. நான் ராத்திரி முழுக்க அச்சைச் சரிபண்ணுவேன், விடிஞ்சா உங்க ஆளுங்க வேற வேஷத்துல வந்து நிப்பாங்க. ஒரு நாள் நான் அசந்துட்டா? இதை நம்பி அப்பா கிளம்பறாருக்கா."

அப்பா உள்ளறையிலிருந்து, "அசந்தா பரவாயில்ல, தூங்கு! கண்ணெல்லாம் குழி விழுந்து கிடக்கு" என்றார்.

அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "இதுக்கா இப்படி உருகற? என்கிட்ட முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே. உன் கருவி எந்தப் பேர்ல வந்து கதவைத் தட்டுது? அந்தப் பேரைக் கொடு. நான் உள்ள பேசிக்கறேன்."

"பேசினா மாத்தறதை நிறுத்திடுவாங்களா?"

"உனக்குச் சிவப்பு வராது. போதுமா?"

சின்னவள் கருவியின் பெயரைக் கொடுத்தாள். நோயாளிகளுக்காகச் செயலி கேட்கிற கேள்விகள் அந்தந்த நோயாளியின் பெயரிலும் பதிவு எண்ணிலும் போகும். சோதனைக் கருவி சோதனைக் கருவி என்றே சொல்லிக்கொண்டு போகும். ஒளித்து மறைத்துப் போவது முறையில்லை என்று அவளே அப்படி அமைத்திருந்தாள். யாரும் கேட்காமலே செய்த நேர்மை அது.

அடுத்த வாரம் திரை பச்சையாக விடிந்தது. முதலாளி அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன டேப்பு, திரை ரிப்பேரா?"

"இல்ல சார். பொருந்துது."

"எல்லாக் கட்டமுமா?"

"எல்லாமே."

மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும். முதலாளி கேக் வாங்கிவந்து வெட்டினார். வாடிக்கையாளர்கள் பார்க்கட்டும் என்று திரையைக் கழற்றி வரவேற்பறையில் மாட்டினார். சின்னவள் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு விடிகிற வரைக்கும் தூங்கினாள். அக்கா பேசிவிட்டாள் என்று மனசு நெகிழ்ந்தது.

அப்போதுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. 'காலி என்று காட்டியது, போய்ப் பார்த்தால் ஆள் படுத்திருக்கிறார்.' 'பச்சைப் புள்ளியை நம்பி அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன்.' சின்னவள் முதல் புகாரைப் படித்ததும் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். பச்சை. கருவி கொண்டுவந்த பதிலை எடுத்துப் பார்த்தாள். காலிக் கட்டம் விதிப்படி அப்பழுக்கில்லாமல் இருந்தது. அப்படியானால் கோளாறு அவர்கள் கைப்பேசியில்தான் இருக்க வேண்டும். உட்கார்ந்து ஒரு பதில் எழுதினாள்:

'வணக்கம். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது. தங்கள் இணைப்பைச் சரிபார்த்துக்கொள்ளவும்.'

பதிலின் தோரணை முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆணையத்துக்காரங்க எழுதின மாதிரியே இருக்கே!" என்று மெச்சினார். இனி எந்தப் புகார் வந்தாலும் அந்தப் பதில் தானாகவே போகும்படி செய்துவிட்டார். புகார்கள் குறையவில்லை, ஆனால் யாரும் படிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அந்த மாதக் கடைசியில் ஆணையம் நிலைத்தன்மை விழா எடுத்தது. சின்னவளின் கம்பெனிக்குச் சிறப்புக் கேடயம் என்று அழைப்பு வந்தது. அன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் அப்பா. அவர் முகம் கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தது. தூக்கம் சரியில்லை என்றார். "செயலி பச்சை காட்டுது, நான் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கறேன். அக்கா மேடையில நிக்கப் போறா, நீ கேடயம் வாங்கப் போற. எனக்கு வேற என்ன வேணும்?"

விழா மண்டபத்தில் இருக்கை எண்களை இரண்டு தடவை மாற்றினார்கள். அக்கா மேடையோரம் கேடயங்களை அடுக்கிவைத்துக்கொண்டு நின்றாள். ஆணையத் தலைவர் ஒலிவாங்கிக்கு வந்தார். நிரல்களுக்கு முதல் வணக்கமும் துணைக்கு வந்தவர்களுக்கு இரண்டாம் வணக்கமும் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே! ஒரு காலத்தில் நம் தலையில் தினமும் சிவப்பு அறிக்கை கொட்டியது. வேறு யாராவது என்றால் பதிலைத் திருத்தப் போயிருப்பார்கள். நாம் ஆழமாக யோசித்தோம். சிவப்பு எங்கேயிருந்து வருகிறது? பதிலிலிருந்தா? இல்லை! கேட்கிறவரிடமிருந்து! ஒரே ஒரு கருவி. அதற்கு மாற்றம் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்களை வற்புறுத்துவது நாகரிகமா? அதற்கு எந்த அளவு பிடிக்குமோ அந்த அளவில் ஒரு பதிலைத் தனியாகத் தைத்து வைத்தோம். அந்தக் கருவி எப்போது வந்து தட்டினாலும் அதே பதில். அன்றிலிருந்து ஒரு சிவப்பு உண்டா? சொல்லுங்கள்!"

கைதட்டல் எழுந்தது. முதலாளி எழுந்து நின்றே தட்டினார். சின்னவளுக்குக் கை எழவில்லை.

"அப்படியானால் மற்றவர்களுக்கு என்ன பதில் போகிறது என்று கேட்பீர்கள். மற்றவர்களுக்கு வளர்ச்சி போகிறது! ஓர் உதாரணம் சொல்கிறேன். காலிக் கட்டம். மெஷின் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக்கொண்டிருந்தோம். அவதிப்படுகிற ஒரு நோயாளிக்கு வெறுமையையா கொடுப்பது? என் மனசு கேட்கவில்லை. இப்போது அந்த இடத்தில், 'தற்சமயம் இல்லை, பொறுத்தருள்க' என்று அன்போடு எழுதுகிறோம். இந்த மரியாதையைப் பார்த்து இன்றுவரை ஒரு நோயாளியாவது நம்மிடம் வந்து முகம் சுளித்ததுண்டா? கிடையாது! ஏனென்றால் நாம் மனிதர்களோடு பேசுவதில்லை."

மண்டபம் அதிர்ந்தது. மேடையோரத்திலிருந்து அக்கா, கூட்டத்தில் சின்னவளைத் தேடிப் பிடித்து, 'பார்த்தியா?' என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கிச் சிரித்தாள்.

சின்னவள் கைப்பேசியை எடுத்துச் செயலியைத் திறந்தாள். கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் காலி. இப்போது எல்லாக் கட்டத்திலும் எழுதியிருக்கிறது. எல்லா மருத்துவமனையும் பச்சை. எல்லா மெஷினும் பச்சை. நோயே இல்லாத உலகம் போல் திரை முழுக்கப் பச்சைப் புள்ளி மின்னியது.

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"சின்னது? கேடயம் கொடுத்தாச்சா?"

"நீங்க எங்கப்பா இருக்கீங்க?"

"நம்ம வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியிலதான். இங்க இருக்கிற நர்ஸம்மா மெஷின் இல்லங்குது. செயலி இருக்குங்குது. நான் விடுவேனா? என் மக செஞ்சது பொய் சொல்லாதும்மா, நீ உள்ள போய் நல்லாப் பாருன்னு சொல்லிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்துதான். போன தடவை இப்படித்தான் உட்கார்ந்து பார்த்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். இந்தத் தடவை விடறதாயில்ல."

"போன தடவையுமா? ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மறுபடி ராத்திரியெல்லாம் முழிப்ப. இப்பத்தான் நல்லாத் தூங்கற." அப்பா நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஒண்ணுமில்ல. படி ஏறி வந்தேன்ல, அதான் இரைக்குது."

அந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. ஏறுவதற்குப் படியே கிடையாது.

சின்னவள் மேடைக்குப் பின்பக்கம் ஓடினாள். அக்கா கேடயங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தனிப் பதில் உன் யோசனையாக்கா?"

"பின்ன? நீ கொடுத்த பேரை வச்சு நான்தான் ஏற்பாடு பண்ணினேன். தலைவருக்கே ரொம்ப சந்தோஷம். என்னடி இப்படி முறைக்கற?"

"நீ பதிலைச் சரிபண்ண வைப்பன்னு நினைச்சுத்தான் பேரைக் கொடுத்தேன்கா. நீ அதை வச்சு என்னை ஏமாத்திட்டியே."

"ஏமாத்தறதா? உன்னைக் காப்பாத்தினேன்டி! மூஞ்சி தொங்கிப் போய்க் கிடந்த. நிம்மதியாத் தூங்கினியா இல்லியா? மார்க் அட்டையில கையெழுத்துப் போட்டப்ப மட்டும் இனிச்சுதா?"

"அன்னிக்கும் ஏமாந்தது அப்பாதான். இன்னிக்கும் அப்பாதான்."

"அப்பாவுக்கு என்ன?"

"ரெண்டு தடவையா மெஷின் கிடைக்கல. காலையிலேர்ந்து பெஞ்சுல உட்கார்ந்து, நான் பொய் சொல்லமாட்டேன்னு சண்டை போட்டுட்டு இருக்காரு. மூச்சு வாங்குது. வா, போகலாம்."

அக்காவின் முகம் வெளுத்தது. துணியைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்து, "கேடயம்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அக்கா மேடையைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள்.

"நீ முன்னாடி போ. இதைக் கொடுத்து முடிச்சுட்டு ஓடி வந்துடறேன். பாதியில விட்டா தலைவர் தப்பா நினைப்பாருடி."

சின்னவள் படியிறங்கும்போது ஒலிபெருக்கி அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நிலைத்தன்மைக்குப் பெருந்துணை புரிந்த கருவியை உருவாக்கியவர் மேடைக்கு வரவும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. ஒரு கணம் உயிரே போய்விட்டது. பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருப்பது தெரிந்தது. கையில் குழாய், பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் வெளியே வந்தாள்.

"பொண்ணா? நல்ல நேரத்துல வந்தீங்க. ஒருத்தர் வரல, அந்த இடத்துல போட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் தாண்டியிருந்தா நுரையீரல்ல தண்ணி ஏறியிருக்கும்."

"ரொம்ப நன்றிங்க. ஒருத்தர் வரலன்னு செயலியில காட்டலியே…"

"அதையா பார்க்கறோம்? எல்லா ஆஸ்பத்திரி நர்ஸும் எங்களுக்குள்ள போன்லயே கேட்டுக்கறோம். வேற வழி? தினமும் இந்த மாதிரி பச்சையைக் காட்டிட்டு வந்து எங்ககிட்டச் சண்டைக்கு நிக்கறாங்க. அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். 'எங்க பக்கம் எல்லாம் சரி, உங்க இணைப்பைப் பாருங்க'ன்னு ஒரு பதில். எவன் எழுதினானோ, கையில மட்டும் கிடைச்சான்னா…"

"எவனும் இல்லீங்க" என்றாள் சின்னவள். "நான்தான் எழுதினேன்."

நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஓரமா நில்லுங்க. குழாய் தடுக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "அந்த நர்ஸம்மாவை ரொம்பப் பேசிட்டேன், சின்னது. பாவம். பச்சை காட்டுச்சேன்னுதான்…"

"பச்சை பொய்ப்பா."

அப்பா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கள்ள டிக்கெட்டை ஆயிரம் பார்த்த கண்கள்.

"உன்னை யாரோ ஏமாத்தியிருக்காங்க. யாரு?"

சின்னவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"பெரியவ எங்க?"

"கேடயம் கொடுத்துட்டு இருக்காப்பா."

அவர் தலையை மெதுவாக ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா வந்தாள். மெஷின் நின்று, குழாய் கழற்றி, அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தாள். கையில், சின்னவள் மேடையேறி வாங்காமல் விட்டுவந்த கேடயம் இருந்தது. "நல்லாத்தானே இருக்காரு! நான் என்னமோன்னு பதறிட்டேன்" என்றாள்.

மறுநாள் சின்னவள் ஆபீஸில் மூன்று காரியம் செய்தாள். முதலில், தானாகப் போகிற அந்தப் பதிலை நிறுத்தினாள். அடுத்து, காலிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படித்துப் பார்த்த பிறகே புள்ளி வைக்கும்படி அச்சைத் திருத்தினாள். செயலியில் இருந்த பச்சைப் புள்ளிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மூன்றாவதாக, ஒரு புதுச் சோதனைக் கருவி எழுதினாள். அது தன்னைச் சோதனைக் கருவி என்று சொல்லிக்கொள்ளாது. அப்பாவின் பெயரில், அப்பாவின் பதிவு எண்ணில், மூச்சு வாங்குகிற ஒரு கிழவர் கேட்பது போல் நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டும்.

பழைய கருவியை நிறுத்தலாம் என்றபோது முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "அது இருந்துட்டுப் போகட்டும் டேப்பு. வரவேற்பறையில பச்சை பார்க்க லட்சணமா இருக்கு. பக்கத்துலதான் கேடயத்தை வேற மாட்டியிருக்கேன்."

சின்னவளும் மறுக்கவில்லை. பழைய கருவி வழக்கம் போல் விடியக்காலையில் போய், தன் பெயரைச் சொல்லி, தனக்கென்று தைத்து வைத்த பதிலை வாங்கிக்கொண்டு வந்து வரவேற்பறையைப் பச்சையாக்கியது. அவள் மேஜையில், அவளுக்கு மட்டும் தெரிகிற சின்னத் திரையில், புதுக் கருவி முதல் நாளே சிவப்பைக் கொண்டுவந்து கொட்டியது. ஏழு கட்டம் இடித்தது. சின்னவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தாள்.

கைப்பேசி முனகியது. அக்காவிடமிருந்து செய்தி.

'கோவம் போச்சாடி? பச்சை ஒழுங்கா வருதா? இல்லன்னா சொல்லு, உள்ள பேசறேன்.'

சின்னவள் சிவப்புத் திரையைப் பார்த்தாள். நிறைய எழுதினாள். எழுதியதை அழித்தாள். பிறகு அனுப்பினாள்:

'பச்சைதான்க்கா. எல்லாம் சரியா இருக்கு.'

அக்காவுக்கு மட்டும் என்று தனியாகத் தைத்த பதில் அது. இனி அவள் எப்போது வந்து கேட்டாலும் அதே பதில்தான். அதில் மட்டும் எந்த மாற்றமும் இருக்காது.